அவளுக்குப் போடாத இலை

என் மனைவி மலாக்காவில் பிறந்தவள். மலாக்கா செட்டி. இதைச் சொன்னால் நாங்கள் இருக்கும் பத்து பாகாட் ஊரில் பாதிப் பேர், "வட்டிக்கடைச் செட்டியாரா?" என்று கேட்பார்கள். இல்லை, அவர்கள் வேறு. எங்கள் ஆட்கள் ரப்பர் மரம் சீவக் கப்பலேறி வருவதற்குப் பல நூறு வருஷம் முன்பே துணி மூட்டையோடு மலாக்காத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களின் வம்சம். வந்தவர்கள் காற்று திரும்பும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்த இடத்திலேயே பெண் எடுத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், தங்கிவிட்டார்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். கும்பிடுவது மட்டும் சிவனையும் பிள்ளையாரையும் மாரியம்மனையும். வாசல் நிலையில் மாவிலை கட்டியிருப்பார்கள்.

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். சரித்திரம் எல்லாம் எனக்குப் புத்தகத்தில் வந்ததில்லை. பத்து பாகாட்டில் ஒரு துணி ஆலையில் நான் சாயப் பிரிவில் வேலை செய்தேன், அவள் தையல் பிரிவில் இருந்தாள். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேன்டீனில் தமிழில் கேட்டேன்: "நீங்க எந்த ஊரு?" அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள்: "நான் மலாக்கா. தமிழ் சிக்கிட் சிக்கிட்தான் வரும்." கொஞ்சம் கொஞ்சம்தான் வரும் என்று அர்த்தம். அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் எங்கள் குடித்தனம் ஆரம்பித்தது.

கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு மாரியம்மன் கோயிலுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை கெபாயா போட்டுக்கொண்டு வந்தாள். கொண்டையில் மல்லிகை. பெண்கள் பக்கத்தில் ஒரே முணுமுணுப்பு. என் அக்கா இதே ஊர்தான், அடுத்த தாமான் குடியிருப்பில் இருக்கிறாள். அவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டாள்.

"அவ்வளவு தூரம் கப்பல்ல வந்தவங்க, தமிழ எங்கம்மா கடல்ல போட்டுட்டா வந்தீங்க?"

இவள் காபி கலக்கிக்கொண்டே சொன்னாள்: "தமிழ் போச்சுக்கா. சாமி போகல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு சீண்டுவாளே தவிர வெறுத்ததில்லை. ஆனால் என் மனைவிக்கு ஒரு குணம். யாராக இருந்தாலும், வா என்று கூப்பிடாமல் ஒரு வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். என் அக்கா வீட்டுக்கே கீரைக்கட்டு கொண்டுபோனால் வெளியே நின்று "அக்கா" என்பாள். உள்ளேயிருந்து "வாம்மா" என்று சத்தம் வந்தால்தான் செருப்பைக் கழற்றுவாள். "ஏன்டி, ஒவ்வொரு தடவையும் உனக்கு வெத்தில பாக்கு வெக்கணுமா?" என்று அக்கா திட்டுவாள். அப்போதும் அப்படித்தான் நிற்பாள்.

அவளுடைய அண்ணன்தான் மலாக்காவில் பிறந்த வீட்டில் இருக்கிறார். நான் மச்சான் என்பேன், அவர் என்னை மாப்பிள்ளை என்பார். தமிழைவிட மலாய்தான் அவருக்கு வசதி என்றாலும் எனக்காகக் கஷ்டப்பட்டுத் தமிழ் பேசுவார். என்னைச் சீண்டுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். "மாப்பிள்ளை, நீங்க எல்லாம் நேத்து வந்தவங்க லா. நாங்க சுல்தான் காலத்து ஆளு. நீங்க எங்கள பாத்து எழுந்து நிக்கணும்." நான் எழுந்து நிற்பேன். அவள் உள்ளேயிருந்து சிரிப்பாள்.

அவரோடு நகரத்துக்குள் நடந்து போயிருக்கிறேன். ஒரே தெருவில் வரிசையாகப் பிள்ளையார் கோயில், பள்ளிவாசல், சீனர் கோயில். கடலோரத்தில் போர்த்துகீசிய வம்சத்துக் கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள். மண் கொட்டிக் கொட்டி அவர்கள் வாசலில் இருந்த கடல் தூரப் போய்விட்டது. அந்தப் பக்கம் போகும்போது மச்சான் சொல்வார்: "அவங்களுக்குக் கடல் போச்சு. எங்களுக்கு வயல் போச்சு. அந்தக் காலத்துல துறைமுகத்துல பேரம் பேசின ஜனம் நாங்க. பறங்கி வந்தான், டச்சுக்காரன் வந்தான், வெள்ளைக்காரன் வந்தான், யாவாரம் போயிடுச்சு. ஊருக்கு வெளிய வந்து நெல்லு போட்டோம். இப்ப வயலும் இல்ல." உண்மைதான். அவர்கள் கம்பம் என்று சொல்லும் அந்தக் கிராமத்தைச் சுற்றி இப்போது உயரமான கட்டடங்கள். நடுவில் தாழ்ந்த கூரைகளோடு கொஞ்சம் வீடுகள், அதில் பல பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சிங்கப்பூரில், கோலாலம்பூரில். சிலர் கல்யாணம் பண்ணி வேறு மதத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களைப் பற்றி மச்சான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. "நல்லா இருக்கட்டும்" என்று மட்டும் சொல்வார்.

இனிச் சொல்லப்போவதற்கு அவர்களுடைய ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பார்ச்சு என்பார்கள். பொங்கலுக்கு முதல் நாள், நாம் போகி என்று சொல்லும் அன்று, இறந்துபோனவர்களை வீட்டுக்கு வரவழைத்துச் சோறு போடுவது. பழக்காலத்தில் இன்னொரு முறை பழம் வைத்துச் செய்வார்கள். நடு வீட்டில் வாழை இலைகளை வரிசையாகப் போடுவார்கள். இலை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். தேங்காய்ப்பால் சோறு, சம்பல், பிண்டாங் மீன் குழம்பு, கத்தரிக்காய், முட்டை. அப்பாவுக்குக் கட்டங்காப்பி பிடிக்கும் என்றால் அதுவும் உண்டு. மெழுகுவத்தி ஏற்றி, சாம்பிராணி போட்டு, வாசல் கதவை அகலத் திறந்து வைத்து, ஒவ்வொருவரையும் உயிரோடு இருந்தபோது எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே கூப்பிடுவார்கள். "மாரி, மாக்கான்." வாங்க, சாப்பிடுங்க. பிறகு நடுவில் துணியைத் தொங்கவிட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். வந்தவர்கள் வெட்கப்படாமல் சாப்பிட வேண்டும் என்பதற்காக.

நம் பக்கத்திலும் படையல் உண்டுதான். ஆனால் அவர்கள் செய்கிற மாதிரி, ஆள் நிஜமாகவே வந்து உட்காரப்போகிறது என்ற நினைப்போடு நான் பார்த்ததில்லை. மீனில் முள் எடுத்து வைப்பார்கள், பல் இல்லாமல் செத்த பெரியவருக்கு.

ஒவ்வொரு வருஷமும் போகிக்கு என் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாள். மூவார் வழியாக பஸ். அண்ணி சமையலுக்குக் கூடமாட இருந்து, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திரும்பி வந்து எங்கள் வீட்டில் பொங்கல் வைப்பாள். கையில் ஒரு டப்பா இருக்கும். அதில் கண்டா கஸ்தூரி. பச்சைப்பயறு உருண்டையை மஞ்சள் கலந்த மாவில் தோய்த்துப் பொரித்தது. நம் முந்திரிக்கொத்துக்கு அக்காள் தங்கை மாதிரி இருக்கும். மகளுக்கும் எனக்கும் கொடுத்துவிட்டு, கடைசி ஒன்றை எனக்குத் தெரியாமல் வாயில் போட்டுக்கொள்வாள். எனக்குத் தெரியும்.

சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த காலத்தில் அவள் எதையும் கேட்டதில்லை. ஒருநாள் மட்டும் ரத்தம் சுத்திகரித்துவிட்டு வரும் வழியில், காரில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்னங்க, மொத பார்ச்சுக்கு எனக்கு எலை தப்பக்கூடாது."

"இப்ப என்னத்துக்கு அந்தப் பேச்சு?"

"தப்பக்கூடாது. மொத வருஷம் வர்றவங்களுக்கு வழி தெரியாது. கூப்பிட்டாத்தான் வருவாங்க."

"தப்பாது" என்றேன். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச எனக்கு மனசில்லை.

புரட்டாசியில் போனாள். மச்சான் கால் வீங்கியிருந்தும் வந்து, அழாமல் உட்கார்ந்திருந்தார். தங்கச்சியின் கையில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு வைத்தார்.

எங்கள் வழக்கப்படி இறப்பு நடந்த வீட்டில் ஒரு வருஷம் பண்டிகை இல்லை. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. தை நெருங்கியது. பொங்கலும் இல்லை. போகி அன்று நான் மலாக்காவுக்குப் போகலாமா என்று யோசித்தேன். அக்காதான் தடுத்தாள்.

"தம்பி, தீட்டு வீட்டுக்காரன்டா நீ. நல்ல நாள் அதுவுமா அவங்க வாசல்ல போய் நிப்பியா? அவங்க வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. நாமதான் அறிஞ்சு நடக்கணும்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. இலை போடுகிற வீடு அதுதான். எல்லா வருஷமும் அங்கேதான் போட்டார்கள், அவளும் அங்கேதான் போனாள். அவள் அண்ணன் போடாமல் இருப்பாரா? போனில் கேட்பதுகூட அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும் என்று கேட்கவில்லை.

மகள் சிங்கப்பூரில் வேலை. எல்லைக்கு இந்தப் பக்கம் கெலாங் பாத்தாவில் அறை எடுத்து இரண்டாவது பாலம் வழியாகப் போய் வருகிறாள். லீவு போட்டு வந்திருந்தாள். போகி அன்று சாயங்காலம் சாமி மேடையில் விளக்கு வைத்தேன். பிறகு தினமும் செய்கிறபடி வாசல் இரும்புக் கிரில்லை இழுத்துப் பூட்டினேன். அவளும் நானும் மோர்சோறு சாப்பிட உட்கார்ந்தோம்.

"இந்நேரம் அம்மா சாப்பிட்டிருப்பாங்கப்பா" என்றாள் மகள்.

"ஆமாம்மா. கண்டா கஸ்தூரி வெச்சிருப்பாங்க."

மனைவி போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கியது அன்றைக்குத்தான். அவளுக்குப் பசியாறியிருக்கும் என்ற நினைப்பில் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மச்சானே போன் செய்தார். எங்களுக்குப் பொங்கல் இல்லை என்று தெரியும், அதனால் வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை. உடம்பு எப்படி என்று கேட்டார். பிறகு, "நேத்து என்ன சமைச்சீங்க அவளுக்கு? யார் செஞ்சா, பாப்பாவா?" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. "நான் எங்க மச்சான் சமைச்சேன்? நீங்கதானே எலை போட்டீங்க?"

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"மாப்பிள்ளை," என்றார். "கட்டிக் குடுத்த பொண்ணு உங்க வீட்டு ஆளு. அவளுக்கு எலை உங்க வீட்டுலதான். எங்க அத்தைங்களுக்கு எல்லாம் அவங்கவங்க புருஷன் வீட்டுலதான் போட்டாங்க."

"எங்க வீட்டுல இந்த வருஷம் ஒண்ணும் செய்யக்கூடாதே மச்சான்."

"பார்ச்சு பண்டிகை இல்ல லா. செத்தவங்களுக்குச் செய்யறதுதானே. எனக்கு நேத்து கை துடிச்சுது மாப்பிள்ளை. அவ பேர் வாய் வரைக்கும் வந்துச்சு. ரெண்டு வீட்டுலயும் கூப்பிட்டா எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நடுவுல நின்னுடுவாங்கன்னு எங்கம்மா சொல்லுவாங்க. அதனாலதான் கூப்பிடல. நீங்க கூப்பிட்டிருப்பீங்க, அங்க போயிருப்பான்னு நெனைச்சேன்."

அவர் என் வீட்டுக்கு விட்டுக்கொடுத்தார். நான் அவர் வீட்டுக்கு விட்டுக்கொடுத்தேன். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டோம். எங்கள் மரியாதைக்கு நடுவில் அவளுக்கு ஒரு பிடி சோறு இல்லாமல் போயிற்று.

"இப்பப் போட்டா என்ன மச்சான்? இன்னிக்கே போடறேன். எலை வாங்கிட்டு வரேன்."

"நாள் போயிடுச்சு மாப்பிள்ளை. நேத்து வந்தவங்க நேத்தே போயிட்டாங்க."

போனை வைத்ததும் மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கோயில் குருக்கள் நல்லவர். அவரிடம் சொன்னேன். "சிவன் பாதம் சேர்ந்தவங்களுக்குப் பசியேது? மனசக் கொழப்பிக்காதீங்க" என்றார். தை அமாவாசைக்குத் திதி கொடுத்தோம். அக்கா வந்து அவளுக்குப் பிடித்த கீரை சமைத்துப் படையல் போட்டாள். தன் பேச்சைக் கேட்டுத்தான் நான் போகவில்லை என்று அவளுக்கும் உறுத்தல். படையலுக்கு முன்னால் நின்று, "வாடி, உள்ள வா, இன்னும் என்ன வாசல்ல நிக்கிற" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாள்.

நான் சாமியை நம்புகிறவன். குருக்கள் சொன்னது சத்தியம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் முதல் கவளம் கையிலேயே நிற்கும். சிவன் பாதத்தில் இருக்கிறவள் வேறு, பஸ் ஏறி மூவார் வழியாகப் போன என் மனைவி வேறு என்று தோன்றும். அவள் நம்பியது அந்த இலையை. கேட்டதும் அதை ஒன்றுதான்.

பழக்காலம் வந்ததும் மச்சான் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் வாங்க. இந்த ஒரு தடவை இங்க போடறேன். எங்க ஆளுங்க ஏதாச்சும் சொன்னா சொல்லிக்கட்டும்." தீட்டு இருக்கிறதே என்றேன். "உங்க தீட்ட நான் தொடச்சிக்கறேன், வாங்க லா" என்றார்.

மகள் கார் ஓட்டினாள். யோங் பெங் ஊரிலிருந்து எங்கள் ஆலைப் பழக்கத்து ஆள் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த டுரியான் பழம் பின்னால் மணத்துக்கொண்டே வந்தது. மங்குஸ்தீனும் ரம்புத்தானும் மூவார் சாலையோரத்தில் வாங்கினோம். கண்டா கஸ்தூரியை மகளே முந்தின நாள் செய்திருந்தாள். சிலது உடைந்து பயறு வெளியே வந்துவிட்டது. உடையாததாகப் பார்த்து டப்பாவில் அடுக்கினாள்.

மச்சான் நடு வீட்டில் பாய் விரித்து இலை போட்டுக்கொண்டிருந்தார். குனிய முடியவில்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போட்டார். அப்பா, அம்மா, பெரியப்பா என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் தங்கச்சிக்கு ஒன்று போட்டுவிட்டு எண்ணிப் பார்த்தார். இரட்டைப்படையாகிவிட்டது.

அவர் மனைவி, "ஒண்ண எடுத்துடுங்க" என்றார்.

"யாரோடத எடுக்கறது?" என்றார் மச்சான். இலைக்கட்டிலிருந்து இன்னொரு இலையை உருவி அவள் இலைக்குப் பக்கத்தில் போட்டார். "இது கூப்பிட ஆள் இல்லாதவங்களுக்கு. பூட்டின வீட்டு ஆளுங்க எல்லாம் எங்க போய்ச் சாப்பிடுவாங்க?"

அந்தக் கம்பத்தின் பூட்டிய வீடுகளை நான் நினைத்தேன். காற்று மாறக் காத்திருந்து ஊர் திரும்பாமல் போன வியாபாரிகளை நினைத்தேன். பேர் தெரியாத அவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து உட்காரப்போகிறார்கள். போகி அன்று என் மனைவியும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருப்பாள்.

மெழுகுவத்தி ஏற்றி, சாம்பிராணி போட்டு, மச்சான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அவள் முறை வந்ததும் என்னைப் பார்த்தார். "நீங்க எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படி."

நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எங்கள் பக்கம் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. 'இந்தா' என்பேன், 'ஏம்மா' என்பேன். சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது எப்போதும் அவள்தான்.

"இந்தா," என்றேன். மறுபடியும் சொன்னேன். "இந்தா. மாரி, மாக்கான்."

மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மச்சான் துணியை இழுத்துவிட்டார். நாங்கள் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். சுற்றியிருந்த உயரக் கட்டடங்களின் நிழல் கூரை மேல் விழுந்திருந்தது. எதிர் வீட்டு மாவிலை காய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"மச்சான்," என்றேன். "போகிக்கு அவ வந்திருப்பாளா?"

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். கவலைப்படாதீங்க என்றும் சொல்லியிருக்கலாம். அவர் பொய் சொல்லிப் பழகாதவர்.

"வந்திருப்பா. இங்கதான் மொதல்ல வந்திருப்பா, பழக்கம். எல்லாரையும் கூப்பிட்டேன், அவளக் கூப்பிடல. அவளத்தான் தெரியுமே, கூப்பிடாம உள்ள வர மாட்டா. கொஞ்ச நேரம் நின்னுட்டு அங்க வந்திருப்பா, உங்க வீட்டுக்கு."



துணியை விலக்கிய பிறகு அவள் இலையை எனக்கு முன்னால் வைத்தார்கள். மங்குஸ்தீன் ஒன்று, டுரியான் சுளை ஒன்று, சோறு, மீன், ஓரத்தில் கண்டா கஸ்தூரி. "சாப்பிடுங்க மாப்பிள்ளை, அவ சாப்பிட்டாச்சு" என்றார் மச்சான். சாப்பிட்டேன். கடைசியில் ஒரு கண்டா கஸ்தூரி மிச்சம் இருந்தது. அதை எடுக்காமல் இலையை மடித்தேன்.

அடுத்த போகியிலிருந்து எங்கள் வீட்டில்தான் அவளுக்கு இலை. மச்சான் இனிமேல் கூப்பிட மாட்டார், ஒரு வீடுதான் கூப்பிட வேண்டும். எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வாசலை அகலத் திறந்து வைக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். தலையாட்டினேன். அந்த முதல் போகி அன்று விளக்கு வைத்ததும் நான் கிரில்லைப் பூட்டியது அவருக்குத் தெரியாது. அவரிடம் சொல்லவும் இல்லை.